பாதியை அள்ளினால் பாதி குறையுமா?



சென்ற மழைக்காலத்தில் ஒரு டிவிஷனில் லயம் லயமாகப் போய் தண்ணீர்ப் பரல்களைப் பார்த்து வந்தோம். ஒரு வீட்டு இஸ்தோப்பில் இருந்த பரலில் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. நுளம்பு முட்டை பொரித்து வரும் புழுவைத்தான் குடம்பி என்கிறோம். வாலை மேலே வைத்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும்; நிழல் பட்டால் நெளிந்து அடியில் போய்விடும். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அந்த வீட்டு அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்போடு நம்மிடம் சொன்னார்: "பாதிய அள்ளிக் கான்ல ஊத்திட்டேங்க ஐயா. மிச்சத் தண்ணிய எப்படிங்க கொட்டுறது? பீலியிலருந்து தூக்கிட்டு வந்த தண்ணி. பாதி புழு போனா பாதி கொசுவும் போயிரும்தானுங்களே?"

நியாயமான கேள்வி. கொழுந்திலே பாதியை அள்ளினால் கூடையில் மீதிப் பாதிதான் இருக்கும். ஆனால் குடம்பி கொழுந்து அல்ல. அது தின்று வளரும் உயிர். நெருக்கமாக இருக்கும் குடம்பிகளில் பாதியை அள்ளினால், பறக்கப் போகும் நுளம்பு பாதியாகக் குறைய வேண்டும் என்றில்லை. சில வேளை குறையவே குறையாது. சில வேளை கூடியும் போகும். இது எப்படி என்று இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறோம். அந்த அம்மாவைக் குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது. இதே பிழையை நாமும் செய்திருக்கிறோம், அதுவும் பிறந்த ஊரில் வைத்து.

மாவடிப்பள்ளியில் நடந்தது

நமது ஊர் அம்பாறைக் கரையோரத்தில், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் உள்ள மாவடிப்பள்ளி. சுற்றிவர வயல். மழை பெருத்தால் பாதையும் வயலும் ஒன்றாகிவிடும். 2024 நவம்பர் வெள்ளத்தில் மதரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அந்தப் பாதையில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்த செய்தியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தத் துக்கம் ஆறாத நாட்களில், அடுத்த மாதம் நாம் ஊருக்குப் போயிருந்தோம்.

வெள்ளம் வடிந்தாலும் வளவுகளில் தண்ணீர் வடியவில்லை. சிரட்டையில் தண்ணீர், உடைந்த வாளியில் தண்ணீர். ராத்தாவின் வீட்டுக்குப் பின்னால் வெறும் தயிர்ச்சட்டிகள் அடுக்கிக் கிடந்தன. மேலே இருந்த சட்டியில் மழைத் தண்ணீரும் நாலைந்து உதிர்ந்த இலைகளும். அதற்குள்ளே குடம்பி என்றால் அப்படியொரு குடம்பி, கருநிறமாகத் திரண்டு கிடந்தன. ஆனால் எல்லாமே பொடிசு.

ராத்தா சொன்னார்: "இதுகள் ரெண்டு கிழமையா இப்பிடியேதான் கிடக்கு தம்பி. வளரவுமில்ல, பறக்கவுமில்ல."

நாம் சுகாதாரம் பேசுகிற ஆள் அல்லவா? சும்மா இருக்க முடியுமா? தேயிலை வடியை எடுத்து, சுற்றி நின்ற பிள்ளைகளுக்குக் காட்டிக் காட்டி, பாதிக்கு மேல் அள்ளி மணலில் கொட்டினோம். அதற்குள் வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். "மிச்சத்த நாளைக்குப் பார்ப்பம்" என்று எழும்பிவிட்டோம். நாளைக்கு என்பது நாலு நாளாகியது. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால், மீதிக் குடம்பிகள் தடித்துப் போயிருந்தன. பல, கமா அடையாளம் போல் வளைந்த கூட்டுப்புழுவாக மாறியிருந்தன. நீரின் மேல் வெறும் தோல்களும் மிதந்தன. அதாவது சில ஏற்கெனவே பறந்துவிட்டன.

இரண்டு கிழமையாக வளராதவை ஐந்து நாளில் வளர்ந்தது எப்படி? அள்ளிய நமது கைதான் அவற்றுக்குச் சோறு போட்டது.

அடுத்த மாதம் ராத்தாவின் இளைய மகனுக்குக் காய்ச்சல் வந்தது. இரத்தத்தைச் சோதித்ததில் டெங்கு என்றார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து சுகமாகி வந்தான். அந்தச் சட்டியில் பிறந்த நுளம்புதான் அவனைக் கடித்தது என்று யாரும் சொல்ல முடியாது. அயலில் எத்தனையோ சட்டிகள். ஆனாலும் அந்தத் தேயிலை வடியை நினைத்தால் இன்றைக்கும் மனம் சுடுகிறது.

பத்துப் பேர் சோறும் ஐம்பது பேரும்

நுளம்புக் குடம்பி என்ன தின்கிறது? தண்ணீரில் விழுந்த இலை, தூசி, செத்த பூச்சி அழுகும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றையும் அழுகல் துகள்களையும்தான் குடம்பி தின்கிறது. பரலோ சட்டியோ, அதற்குள் இந்தச் சாப்பாடு ஒரு அளவுதான். குடம்பியால் அடுத்த பரலுக்கு நடந்து போய்த் தின்ன முடியாது. உள்ளதைத்தான் எல்லாம் பங்குபோட வேண்டும்.

பத்துப் பேருக்கு ஆக்கிய சோற்றை ஐம்பது பேருக்குப் பரிமாறினால் என்ன நடக்கும்? ஆளுக்கு ஒரு பிடி. யாருக்கும் வயிறு நிறையாது. குடம்பிக்கும் இதே கதைதான். நெருக்கத்தில் அவை மெதுவாக வளர்கின்றன; பல சாகின்றன; தப்புவதும் சிறிய நுளம்பாகவே வெளிவருகிறது. போதிய சாப்பாடும் சூடும் இருந்தால் முட்டை பொரித்து ஏழு முதல் பத்து நாட்களில் பறக்க வேண்டியது, பட்டினியில் பல கிழமை இழுபடும். ராத்தா பார்த்தது இதைத்தான்.

இப்போது அந்த ஐம்பது பேரில் முப்பது பேரை எழுப்பி அனுப்பிவிட்டால்? மிச்சம் இருபது பேருக்கும் பங்கு இரண்டரை மடங்கு. பட்டினியில் செத்திருக்க வேண்டியவையும் பிழைத்துக்கொள்ளும். இடையில் செத்த குடம்பிகளும் அழுகி, உயிரோடு இருப்பவற்றுக்கு உணவாகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடம்பி கொஞ்சமாக இருந்து சாப்பாடு நிறைய இருக்கும் பாத்திரத்தில், பாதியை அள்ளினால் ஏறக்குறையப் பாதி குறையும்தான். நெருக்கமான பாத்திரத்தில்தான் கணக்கு பிழைக்கிறது. ஆனால் உள்ளே எவ்வளவு சாப்பாடு இருக்கிறது என்று வெளியே நின்று பார்த்து நம்மால் சொல்ல முடியாதே! ஆகவே இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: முழுவதையும் அகற்றுவது.

பயற்றுக்குள்ளும் ஒரு சண்டை

இந்தச் சாப்பாட்டுப் போட்டி நுளம்புக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் அடுப்படியிலேயே பார்க்கலாம். பழைய பயற்று டின்னைத் திறந்து, வண்டு பட்ட பயற்றை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். தோலின் மேல் வெள்ளைப் புள்ளி போல ஒட்டியிருப்பது வண்டின் முட்டை. அதிலிருந்து வரும் புழு பயற்றைக் குடைந்து உள்ளே போய், அந்த ஒரு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, வட்டத் துளை போட்டு வெளியே வரும். ஒரு மணிதான் அதற்கு வாழ்நாள் சாப்பாடு.

1979இல் தமிழ்நாட்டின் திருநெல்வேலிப் பகுதியில் சேகரித்த பயற்று வண்டுகளை ஆய்வாளர்கள் பல வருடம் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பயற்றுக்குள் இரண்டு மூன்று புழு நுழைந்தாலும், பெரும்பாலும் ஒன்றுதான் வண்டாக வெளியே வருகிறது. மற்றவை உள்ளேயே முடிந்துவிடுகின்றன. பயறு சின்னது, இரண்டு பேருக்குப் போதாது. கௌபியிலே பழகிய வேறு இன வண்டுகளின் புழுக்கள் அப்படியல்ல. கௌபி பெரிய மணி. அவை ஒன்றையொன்று ஒழிக்காமல், உள்ளதைப் பகிர்ந்து தின்று, ஒரே மணியிலிருந்து இரண்டு மூன்றாகவும் வெளியேறும்.

ஆக, போட்டி இரண்டு விதம். ஒன்று, பலமானது முழுப் பங்கையும் எடுக்க மற்றது அழிவது. மற்றது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று எல்லாமே வாடுவது. நுளம்புக் குடம்பியின் போட்டி பெரும்பாலும் இரண்டாவது விதம். அதனால்தான் கூட்டம் கலைந்தவுடன் மீதி எல்லாம் சேர்ந்து கொழுக்கின்றன.

தாய் வண்டின் புத்தியையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே முட்டை ஒட்டிய பயற்றை விட்டு, முட்டை இல்லாத பயற்றைத் தேடிப் போய் முட்டையிடும். தன் பிள்ளைக்குச் சோறு போதாமல் போகக்கூடாது என்பதில் வண்டுக்கும் அக்கறை உண்டு.

ஈ வளர்த்துக் கண்ட உண்மை

அவுஸ்திரேலியாவில் செம்மறியாட்டைத் தாக்கும் ஒரு வகை ஈ உண்டு. ஏ. ஜே. நிக்கல்சன் என்ற விஞ்ஞானி அந்த ஈக்களைக் கூட்டில் வளர்த்துச் செய்த சோதனைகளை 1954இல் வெளியிட்டார். ஈக்களுக்கு வேண்டிய அளவு தீனி கொடுத்தார். புழுக்களுக்கு மட்டும் நாளொன்றுக்கு 50 கிராம் ஈரல், அதற்கு மேல் இல்லை. ஈக்கள் பெருகி முட்டைகளைக் கொட்டின. புழுக்கள் அளவுக்கு மிஞ்சியதால் எதற்கும் வயிறு நிறையவில்லை. கூட்டுப்புழுவாகும் அளவுக்கு ஒன்றும் வளராமல் கூட்டமாகச் செத்தன. ஈக்கள் குறைந்து முட்டை குறைந்ததும், அடுத்து வந்த சில புழுக்கள் நன்றாகத் தின்று மறுபடி ஈக்கள் பெருகின. இப்படி ஏறக்குறைய 40 நாளுக்கு ஒருமுறை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

இன்னொரு சோதனையில், புதிதாக வெளிவந்த ஈக்களில் பாதியைத் தொடர்ந்து அழித்துக்கொண்டே வந்தார். நாளொன்றுக்கு உண்டாகும் கூட்டுப்புழுக்கள் குறையவில்லை, கூடின. இன்னும் அதிகமாக அழித்தபோது இன்னும் கூடின. நெருக்கம் தளர்ந்ததே காரணம். நுளம்பை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். நெருக்கமாக உள்ள குடம்பிகளில் ஒரு பங்கை அகற்றினால் நுளம்பு கூடுதலாகவே வெளிவரலாம் என்று அமெரிக்காவில் 1984இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பெரிய நுளம்பா, சின்ன நுளம்பா?

"அப்படியென்றால் நெருக்கமாகவே விட்டுவிடலாமே, தானாகச் சாகட்டும்" என்று சிலர் நினைக்கலாம். வேண்டாம். எல்லாமே சாகாது. மேலும், நெருக்கத்தில் பட்டினியாக வளர்ந்த நுளம்பு சின்னதாக இருந்தாலும் பாதுகாப்பானதல்ல. வரி நுளம்பு என்று நாம் சொல்லும் வகையில், குடம்பிப் பருவத்தில் போட்டிக்குள் வளர்ந்தவற்றுக்கு டெங்கு வைரசு கூடுதலாகத் தொற்றியதை 2008இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது.

மறுபக்கம், நாலைந்து குடம்பி மட்டும் உள்ள யோகட் கப்பையும் அலட்சியம் செய்யக்கூடாது. அங்கே சாப்பாட்டுக்குப் போட்டியில்லை. விரைவில் வளர்ந்து, பெரிய நுளம்பாகப் பறக்கும். பெரிய பெண் நுளம்பு கூடுதலாக இரத்தம் குடிக்கும், கூடுதலாக முட்டையிடும். "நாலு புழுதானே" என்று விட்டுவைக்கும் பாத்திரம்தான் நல்ல ஆரோக்கியமான நுளம்பைப் பெற்றுத் தருகிறது.

இந்த வரி நுளம்பு ஆசியாவிலிருந்து பழைய டயர்களுக்குள் முட்டையாகக் கப்பலேறிப் போய் 1985இல் அமெரிக்காவின் டெக்சாசில் நிலைகொண்டது. பிறகு பல இடங்களில் அங்கிருந்த மற்ற டெங்கு நுளம்பைப் பின்தள்ளிவிட்டது. குடம்பிப் பருவத்துச் சாப்பாட்டுப் போட்டியில் அது கெட்டியாக நின்றதும் அதற்கொரு காரணம். அந்த டயர்களை இனி எங்கே பார்க்கப் போகிறோம் என்று கேட்காதீர்கள். காற்றுக்குத் தகரம் பறக்காமல் இருக்க நமது லயக் கூரைகளில் வைத்திருப்பதும் அதே பழைய டயர்தான்.

"குளிர்த் தோட்டத்துக்கு டெங்கு வராது" என்ற பேச்சும் உண்டு. குளிரில் குடம்பி மெதுவாக வளரும் என்பது உண்மை. ஆனால் வரி நுளம்பு மலைநாட்டிலும் இருக்கிறது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது உடம்பில் காய்ச்சலையும் கொண்டு வரலாம். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கிழக்கில் கிண்ணியா அந்த வருட மார்ச்சில் பட்ட பாட்டைக் கரையோர மக்கள் மறக்கவில்லை.

ஆகவே என்ன செய்ய வேண்டும்?

1. கிழமைக்கு ஒரு நாள், முழுவதும். ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணித்தியாலம் போதும். முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு கிழமைக்கு மேல் ஆகும். கிழமைதோறும் முழுதாக வெறுமையாக்கினால் ஒன்றும் பறக்காது. பாதி இன்றைக்கு, பாதி அடுத்த கிழமை என்பது கூடாது.

2. தூக்கி வந்த தண்ணீரை வீணாக்க வேண்டாம். இரண்டாக மடித்த சுத்தமான துணியால் வேறு பாத்திரத்துக்கு வடித்தெடுங்கள். துணியில் தங்கும் குடம்பியையும் கூட்டுப்புழுவையும் வெயில் படும் காய்ந்த மண்ணில் உதறுங்கள். கானில் ஊற்றினால் தேங்கிய தண்ணீரில் பிழைத்துக்கொள்ளும்.

3. பாத்திரத்தின் உட்சுவரைத் தேயுங்கள். டெங்கு நுளம்பு தண்ணீருக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தும்பு அல்லது பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும்.

4. தேய்த்த பரலைத் துணியால் இறுக்கிக் கட்டி மூடுங்கள். இலை, சருகு விழாமல் பாருங்கள். இலைதான் குடம்பியின் அரிசி மூட்டை.

5. கூரை டயரை இறக்கிவிட்டுக் கல்லோ மண் நிரப்பிய பையோ வையுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் நிற்காதபடி டயரை வெட்டுங்கள்.

6. சிரட்டை, யோகட் கப், தயிர்ச்சட்டி, உடைந்த வாளி, வெறும் போத்தல்: வேண்டாததைப் புதையுங்கள், வேண்டியதைக் கவிழ்த்து வையுங்கள்.

7. வெறுமையாக்க முடியாத பெரிய தொட்டிக்குக் கப்பி மீன் விடலாம். குடம்பி மருந்து போடுவதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் மட்டும் போடுங்கள். அளவு குறைந்த மருந்தும் பாதி அள்ளியது போலத்தான், மிஞ்சியவை கொழுக்கும்.

8. கூட்டுப்புழுவைக் கண்டால் நாளைக்கு என்று விடாதீர்கள். அது ஒன்றும் தின்பதில்லை. பட்டினியும் அதை ஒன்றும் செய்யாது. ஓரிரு நாளில் பறந்துவிடும். எந்தப் பாத்திரம் ஆபத்தானது என்று பார்க்க ஆய்வாளர்கள் கூட்டுப்புழுவை எண்ணுவதும் இதனால்தான்.

காய்ச்சல் வந்தால்

காய்ச்சல் விடாமல் இருந்தால் மூன்றாம் நாளுக்குள் வைத்தியரைக் கண்டு இரத்தம் சோதியுங்கள். பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், புரூபன் கொடுக்க வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்ந்து மயங்குதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்பதை மறவாதீர்கள். "காய்ச்சல் விட்டிருச்சு" என்று பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போய்விடாதீர்கள்.

முடிவாக ஒரு சொல்

அந்த இஸ்தோப்பு அம்மாவுக்கு நாம் அன்று இந்த விளக்கத்தை எல்லாம் சொல்லவில்லை. மாவடிப்பள்ளித் தயிர்ச்சட்டிக் கதையை மட்டும் சொன்னோம். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப நீங்களே கொசுவுக்குச் சோறு போட்டீங்களாக்கும்" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்து வந்தார். மூத்த மகள் வாளியைப் பிடிக்க, மீதித் தண்ணீரை வடித்தெடுத்தோம். பரலை மகன் கவிழ்த்துத் தேய்த்தான். இருபது நிமிட வேலை. தண்ணீர் ஒரு வாளியும் வீணாகவில்லை.

பக்கத்து வீட்டுப் பரலையும் பார்த்தால்தான் இந்த வேலை முழுமையாகும். நுளம்புக்கு லயத்தின் நடுச்சுவர் தெரியாது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பரலைத் தேய்த்து முடித்ததும் அடுத்த காம்பராவுக்கும் ஒரு குரல் கொடுங்கள். அங்கே வயதானவர்கள் தனியே இருந்தால் கூடப் போய் ஒரு கை பிடியுங்கள். பாதி வேலை நுளம்புக்கு உதவி. முழு வேலைதான் நமது பிள்ளைகளுக்கு உதவி.